முத்துக்கு விலை போட்டது எப்படி? தூத்துக்குடி கடற்கரை சொல்லித்தரும் கணக்கு! | விளக்கம்

ஒரே மாதிரி மின்னும் இரண்டு முத்துகள். ஒன்றின் எடை 1 மஞ்சாடி, இன்னொன்றின் எடை 2 மஞ்சாடி. சின்ன முத்தின் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் பெரிய முத்தின் விலை என்ன?

'இதென்ன பெரிய கேள்வி, 200 ரூபாய்தானே' என்று நினைத்தால், அந்த முத்தை உங்களிடமிருந்து வாங்கிய வியாபாரிக்கு அன்றைக்கு நல்ல லாபம். மன்னார் வளைகுடாவில் முத்து வாங்கி விற்றவர்களின் கணக்குப்படி அதன் விலை 400 ரூபாய்.

எப்படி? இதைப் புரிந்துகொண்டால், 'கணக்குன்னாலே எனக்கு ஆகாது' என்று சொல்பவர்களுக்கும் கணக்கு மேல் கொஞ்சம் ஆசை வரலாம்.

எடைக்கு ஏற்ற விலை ஏன் சரிவராது?

அரிசி, உப்பு என்றால் இரண்டு கிலோவுக்கு இரண்டு மடங்கு விலை. ஏன்னா, ஒரு கிலோ உப்போடு இன்னொரு கிலோ உப்பைச் சேர்த்தால் இரண்டு கிலோ ஆகிவிடும். முத்து அப்படி இல்லை. இரண்டு சின்ன முத்துகளை ஒட்டி ஒரு பெரிய முத்து செய்ய முடியாது. அது சிப்பிக்குள் தானாக வளர்ந்தால்தான் உண்டு. அப்படி வளர்வது அபூர்வம்.

அதனால் முத்து பெரிதாக ஆக, ஒரு மஞ்சாடிக்கான விலையும் கூடவே ஏறுகிறது. 1 மஞ்சாடி முத்துக்கு, மஞ்சாடிக்கு 100 ரூபாய். 2 மஞ்சாடி முத்துக்கு, மஞ்சாடிக்கு 200 ரூபாய். 200 x 2 = 400. பள்ளிக்கூடத்தில் படித்த 'வர்க்கம்' இதுதான். எடையை எடையாலேயே பெருக்குகிறோம், அவ்வளவுதான்.

'செவோ' கணக்கு என்றால் என்ன?

ஒரு முத்துக்கு விலை சொல்லிவிடலாம். ஒரு கைப்பிடி முத்துக்கு எப்படிச் சொல்வது? இதற்கும் ஒரு வாய்ப்பாடு இருந்தது. ஆங்கிலேயர் காலப் பதிவுகள் இதை 'செவோ' என்று குறிப்பிடுகின்றன.

முறை இதுதான்: முத்துகளின் மொத்த எடையை மஞ்சாடியில் எடுத்து வர்க்கப்படுத்த வேண்டும். அதில் முக்கால் பங்கை எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வருவது செவோ. ஒரு செவோவுக்கு இவ்வளவு என்று விலை பேசுவார்கள்.

போட்டுப் பார்ப்போம். 4 மஞ்சாடி எடையில் ஒரே முத்து இருந்தால்: 4 x 4 = 16, அதில் முக்கால் 12, ஒன்றால் வகுத்தால் 12 செவோ. அதே 4 மஞ்சாடியில் 4 முத்துகள் இருந்தால் 3 செவோ. 16 முத்துகள் இருந்தால் வெறும் முக்கால் செவோ!

தராசு மூன்று முறையும் ஒரே எடையைத்தான் காட்டும். மதிப்பு மட்டும் 12, 3, முக்கால் என்று இறங்குகிறது. 'பெரிய முத்து கிடைப்பது அரிது' என்ற அனுபவத்தை ஒரே வரி வகுத்தலுக்குள் அடக்கிவிட்டார்கள். உயர்ந்த தர முத்துகளுக்குத்தான் இந்தக் கணக்கு. மட்டமான ரகங்களுக்கு வெறும் எடை விலைதான்.

சின்னப் பிழை, பெரிய நஷ்டம்

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. தராசு 10 சதவீதம் கூட்டிக் காட்டினால், விலை 10 சதவீதம் கூடாது, 21 சதவீதம் கூடும் (1.1 x 1.1 = 1.21). குறைத்துக் காட்டினால் 19 சதவீதம் இறங்கும். மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கிய குளியாளின் உழைப்பு, ஒரு மஞ்சாடி விதை அளவு தவறில் கைவிட்டுப் போகலாம். கணக்கு தெரிந்திருப்பது அங்கே வயிற்றுப்பாட்டு விஷயம்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும், நகைகளில் கோத்த முத்துகளை எண்ணி, ரகம் பிரித்து, எடையைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று நுணுக்கமாக எழுதி வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

பித்தளைத் தட்டும் இறால் 'கவுண்ட்'டும்

எடைக்கு முன் சலிக்க வேண்டும். துளையிட்ட பித்தளைத் தட்டுகள் வரிசையாக இருக்கும். 20, 30, 50, 80, 100 என்று தொடங்கி 1000 வரை எண்கள். எண் கூடக் கூடத் துளை சிறிதாகும். ஆக, சின்ன எண் என்றால் பெரிய முத்து.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? இன்றைக்கு இறால் வியாபாரத்தில் '30 கவுண்ட்', '60 கவுண்ட்' என்கிறார்களே, அதே தலைகீழ் எண்ணிக்கைதான். 30 கவுண்ட் என்றால் கிலோவுக்கு 30 இறால், ஒன்று சுமார் 33 கிராம். 60 கவுண்ட் என்றால் ஒன்று சுமார் 17 கிராம். இங்கேயும் சின்ன எண்ணுக்குத்தான் பெரிய விலை.

ஒரு சோறு பதம் போதுமா?

கடலடியில் சிப்பிகள் கிடக்கும் இடத்துக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு அருகில் உள்ள தொலையிரம் பார் பெயர்பெற்றது. முத்துக்குளிப்பு நடத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்ய, முதலில் மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பிடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு வரும். ஏலத்திலும் சிப்பிகள் ஆயிரக்கணக்கில்தான் விலை போகும்.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்போம். சோற்றுக்கு அது சரி, எல்லாப் பருக்கையும் ஒன்றுபோல வேகும். சிப்பி அப்படி இல்லை. பலவற்றில் ஒன்றுமே இருக்காது, ஏதோ ஒன்றில் பெரிய முத்து இருக்கும். ஒரு சிப்பியைத் திறந்து பார்த்து எதுவும் சொல்ல முடியாது. அதனால்தான் ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள். பொருள்கள் எந்த அளவுக்கு ஒன்றுக்கொன்று வேறுபடுகிறதோ, அந்த அளவுக்கு மாதிரி பெரிதாக இருக்க வேண்டும். தேர்தல் கருத்துக்கணிப்பைப் படிக்கும்போதும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது என்ன நிலை?

1955 முதல் 1961 வரை நடந்ததுதான் தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு வரிசை. அதன்பின் 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இங்கே வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். பித்தளைத் தட்டுகளுக்கு இப்போது வேலை இல்லை.

கணக்குக்கு வேலை இருக்கிறது. வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை 'வர்க்கம் எதுக்குப்பா படிக்கணும்?' என்று கேட்டால், இதைக் கேட்டுப் பாருங்கள்: 'ஒரு முத்தைவிட இன்னொன்று குறுக்களவில் இரண்டு மடங்கு. விலை எத்தனை மடங்கு?'

குறுக்களவு இரண்டு மடங்கானால் எடை 2 x 2 x 2 = 8 மடங்கு. விலை எடையின் வர்க்கம், அதாவது 8 x 8. விடை 64 மடங்கு! அதைத் தானே கண்டுபிடிக்கும்போது பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள். கணக்கு தரும் சந்தோஷம் என்ன என்பது அப்போது தெரியும்.