கடற்கரையில் ஓடி மலை மாரத்தானுக்குத் தயாராக முடியுமா?

விடியற்காலை ஐந்து மணிக்கு நொச்சிக்குப்பம் லூப் ரோட்டில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் கரையேறும் படகுகள், வலையிலிருந்து மீனைப் பிரித்துப் போடும் கைகள். இன்னொரு பக்கம் ஷூவும் டி-ஷர்ட்டுமாக ஓடுகிறவர்கள். அந்தக் கூட்டத்தில் நீங்களும் ஒருவரா? அதிலும், மலைப்பாதை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, கடைசி நீண்ட ஓட்டத்துக்கு நாள் பார்த்துக் கொண்டிருப்பவரா? அப்படியானால் கொஞ்சம் நின்று இதைப் படித்துவிட்டு ஓடுங்கள்.

"இங்கே உயரம்னு பார்த்தா லைட் ஹவுஸ் ஒண்ணுதான் சார்! தட்டையான ரோட்டுல ஓடிட்டு மலையில எப்படி ஓடறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால், நீங்கள் பயப்பட வேண்டியது ஏற்றத்துக்கு அல்ல, இறக்கத்துக்கு!

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1897-லிருந்து மாரத்தான் நடக்கிறது. அந்தப் பாதையில் 32 கி.மீ. தாண்டியதும் ஒரு மேடு வரும். பெயரே 'ஹார்ட்பிரேக் ஹில்', அதாவது நெஞ்சை உடைக்கும் மேடு. எவ்வளவு உயரம் என்கிறீர்கள்? சுமார் 27 மீட்டர்தான்! நம் மெரினா லைட் ஹவுஸ் சுமார் 46 மீட்டர். அதில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. அதற்கா இத்தனை பயம்?

விஷயம் அதற்கு முன்னால் இருக்கிறது. ஓட்டம் தொடங்கும் இடம், முடியும் இடத்தைவிட சுமார் 140 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆரம்ப கிலோமீட்டர்களில் சரிவு அதிகம். "அட, சுகமா இருக்கே!" என்று வேகமாக இறங்கி வந்தவர்களுக்கு, மேடு வரும்போது தொடையில் சக்தி இருக்காது.

இறங்கும்போது தொடைக்கு என்ன ஆகிறது? ஏறும்போது தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. மூச்சு வாங்கும், ஆனால் தசைக்குச் சேதம் குறைவு. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. அடிக்கு அடி உடம்பின் எடையை அது தடுத்து நிறுத்த வேண்டும். தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுவது இதனால்தான். வலி அன்றைக்கே தெரியாது. மறுநாளோ அதற்கு மறுநாளோ மாடிப்படி இறங்கும்போது, "ஐயோ அம்மா!" என்று கைப்பிடியைத் தேடுவீர்கள்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஒருமுறை இப்படி அடிபட்டு ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைத் தாங்கிக்கொள்ளும். ஆகவே பந்தயத்துக்கு நான்கைந்து வாரம் இருக்கும்போதே ஒரு ஞாயிறு காலை பரங்கிமலைக்குப் போங்கள். சுமார் 300 அடி உயரம். நமக்கு அது போதும். வண்டிப் பாதையில் நடந்து ஏறி, மெதுவாக ஓடி இறங்குங்கள். முதல் தடவை மூன்று முறை போதும். குட்டிக் குட்டி அடியாக வையுங்கள். காலை முன்னால் நீட்டிக் குதிகாலால் குத்தினால் மூட்டு பதில் சொல்லும்!

மகாராஷ்டிராவின் சத்தாராவில் 2012 முதல் நடந்துவரும் மலை அரை மாரத்தானில் முதல் பாதி ஏற்றம், திரும்பும் வழி இறக்கம். களைத்த காலோடு இறங்க வேண்டும். இந்தப் பயிற்சி இல்லாமல் போனால் கஷ்டம்தான்.

சரி, கடைசி நீண்ட ஓட்டத்துக்கு வருவோம். அதை லூப் ரோட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். முழு மாரத்தான் என்றால் மூன்று வாரம் முன்பு, 28 முதல் 30 கி.மீ.; அரை மாரத்தான் என்றால் இரண்டு வாரம் முன்பு, 16 முதல் 18 கி.மீ. "ஒரு தடவை முழுசா 42 ஓடிப் பார்த்தாத்தானே தைரியம் வரும்?" வேண்டவே வேண்டாம். ஓட்டத்தின் பலன் உடம்பில் சேர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதற்குள் காலும் ஆற வேண்டும். ஆறாத காலோடு மலைக்குப் போனால் அந்தத் தைரியம் எதற்கு உதவும்? பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடும் வேகம் போதும். கடிகாரத்தைப் பார்க்காமல் மூச்சைக் கவனித்து ஓடப் பழகுங்கள். மலையிலும் அதே மூச்சுதான் கணக்கு.

அன்றைக்கு ஷூ, சாக்ஸ், காலைச் சாப்பாடு எல்லாமே பந்தய நாளில் இருக்கப்போவதுபோலவே இருக்கட்டும். வாழைப்பழம் ஒத்துக்கொள்கிறதா, இட்லி வயிற்றைப் புரட்டுகிறதா என்று தெரிந்துகொள்ள இதுதான் சமயம்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். 2002-ல் பாஸ்டனில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவிகிதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது! காரணம்? அளவுக்கு மீறிக் குடித்ததுதான் முக்கியக் காரணம். ஓட்டத்தில் எடை கூடியவர்களுக்கே இது அதிகம். தலைவலி, வாந்தி, குழப்பம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் தாகத்துக்குக் குடியுங்கள், கணக்குக்காகக் குடிக்காதீர்கள். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். கூடியிருந்தால் குடித்தது அதிகம் என்று அர்த்தம். சென்னைப் புழுக்கத்தில் வியர்வையோடு உப்பும் போகும். உப்புப் போட்ட நீர்மோர், ஓ.ஆர்.எஸ். நல்லது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இன்னொன்று. வலி வருமோ என்று முன்கூட்டியே புரூஃபென் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். உடம்பில் நீர் குறையும் நேரத்தில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரை, பிளட் பிரஷர், நெஞ்சுவலித் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

அதற்குப் பிறகு? தூரத்தை வாரா வாரம் குறைத்து, பாதிக்குக் கொண்டு வாருங்கள். வேகம் அப்படியே இருக்கட்டும். கால் துருதுருக்கும். "இன்னொரு தடவை பரங்கிமலை போகலாமா?" என்று மனசு கேட்கும். போகாதீர்கள்.

ஓடி முடித்த கையோடு, 2024-ல் திறந்த நொச்சிக்குப்பம் மீன் மார்க்கெட் பக்கமாகப் போய் நல்ல சங்கராவாகப் பார்த்து வாங்குங்கள். சாதமும் மீன் குழம்புமாகச் சாப்பிட்டால் மாவுச்சத்தும் புரதமும் ஒன்றாகக் கிடைக்கும். சைவம் என்றால் பருப்பு சாதமும் தயிரும். பிறகு ஒரு தூக்கம் போடுங்கள். செவ்வாய்க்கிழமை வரை ஷூவைத் தொட வேண்டாம்.