பழைய பேரேடும் ஒரு மூலதனமே



"பக்கத்துக் கடையில் கூட்டம்; நாம் ஈ ஓட்டுகிறோம்" என்ற பேச்சு இப்போது மளிகைக் கடைகளில் அதிகம் கேட்கிறது. பெரிய அங்காடிகளும், கைப்பேசியில் கேட்டால் வீட்டுக்கே சரக்கு அனுப்பும் கம்பெனிகளும் வந்துவிட்ட காலத்தில் இந்தக் கவலை நியாயமானதே. ஆனால் பிறர் கல்லாவையே பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தம் கடையின் வளர்ச்சி கண்ணில் படாது.

நம் ஊர்ப் பூட்டுத் தொழிலை எடுத்துக்கொள்வோம். நாகல் நகரிலும் சுற்றுப்புறங்களிலும் கையால் செய்யும் பூட்டுக்கு அலிகார் பூட்டு பெரும் போட்டியாக வந்தது. பட்டறைகள் குறைந்தன. எண்ணிக்கையில் போட்டி போட முடியாது என்று தெரிந்தும், வேலைத் திறத்தையே அளவுகோலாகக் கொண்டு சிலர் விடாமல் செய்துவந்தனர். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கஷ்டம் முழுதும் தீரவில்லை. ஆனால் தொழில் அழியவில்லை.

நமக்கு அளவுகோல் பழைய பேரேடுதான். சித்திரை முதல் நாளிலோ ஆயுத பூஜை அன்றோ புதுக்கணக்கு எழுதும்போது, பத்து ஆண்டுக்கு முந்தைய பேரேட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விற்பனைத் தொகையை மட்டும் ஒப்பிட வேண்டாம். விலைவாசி ஏறினால் அது தானே பெருகும். பார்க்க வேண்டியவை மூன்று:

1. கடைச் சரக்கில் சொந்தப் பணத்துக்கு வாங்கியது எவ்வளவு, கடனுக்கு வாங்கியது எவ்வளவு?

2. மொத்தக் கடைக்குப் பணம் கட்ட அன்று எத்தனை நாள் தவணை கேட்டோம், இன்று எத்தனை நாள்?

3. அன்றைய பற்று நோட்டில் இருந்த குடும்பங்களில் எத்தனை இன்றும் நம்மிடம் வாங்குகின்றன?

இவற்றில் ஒன்று மேம்பட்டிருந்தாலும் அது வளர்ச்சியே. குறைந்திருந்தால், எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும், அடைத்துக்கொள்ளலாம்.

நாம் தாண்டி வந்த சோதனைகளும் அந்தப் பக்கங்களில் இருக்கின்றன. 2007 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி., 2020 மார்ச்சில் ஊரடங்கு. ஒவ்வொரு தடவையும் "இனிக் கடை நடத்த முடியாது" என்றுதான் பேசிக்கொண்டோம். ஆனாலும் மறுநாள் ஷட்டரைத் தூக்கினோம். கையால் பில் எழுதிய நாமே கம்ப்யூட்டர் பில்லும் பழகிக்கொண்டோம். அடுத்த சோதனையில் நமக்குத் தைரியம் சொல்ல இதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

அதே பேரேட்டில் மற்றவர்களும் இருக்கிறார்கள். கையில் பணமில்லாத நாளில் நம்பிச் சரக்கு அனுப்பியவர், மழையிலும் மூட்டை இறக்கிய தொழிலாளி, சம்பளம் வாங்கியதும் பாக்கியைத் தீர்த்த வாடிக்கையாளர். நாம் தனியாக வளரவில்லை. அவர்கள் தளரும் நாளில் நாம் கொடுக்கும் தவணையே உண்மையான நன்றி.

ஆகவே, பழைய பேரேட்டை எடைக்குப் போட அவசரப்படாதீர்கள். "இந்தக் கடையில் என்ன இருக்கிறது?" என்று கேட்கும் பிள்ளைகளை ஒரு நாள் உட்கார வைத்து அதைப் புரட்டிக் காட்டுங்கள். கடையைத் தொடர்வதா, வேண்டாமா என்பதை அதன் பிறகு அவர்களே முடிவு செய்யட்டும்.