பாணந்துறைக் கரையில் திமிங்கிலக் கூட்டம்: ஏன் வந்தன, எப்படிப் பிழைத்தன?

வட்டவளையில் எந்த மேட்டில் ஏறி நின்றாலும் தேயிலையும் மழையும்தான் தெரியும். கடல் வெகு தூரம். ஆனால், 2020 நவம்பர் 2ஆம் திகதி பாணந்துறையில் இருந்து வந்த செய்தி மலையகத்தில் இருப்பவர்களையும் தொட வேண்டிய செய்தி. அன்று பிற்பகல் ஏறக்குறைய 120 பைலட் திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரைக்கு வந்து, ஆழமில்லாத தண்ணீரில் சிக்கிக்கொண்டன.

அப்போது மேல் மாகாணத்தில் கொரோனா ஊரடங்கு. கடற்படையினரும் கரையோரக் காவல் படையினரும் வந்தார்கள். அவர்களோடு ஊர்வாசிகளும் கடலில் இறங்கினார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, அலை வந்து தூக்கும் நேரம் பார்த்து, இரண்டு கையாலும் ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். ஜெட் ஸ்கீ படகுகளில் கட்டியும் இழுத்தார்கள். தள்ளிவிட்டவை திரும்பி வந்தன, மறுபடியும் தள்ளினார்கள். விடியும்வரை இந்த வேலை நடந்தது. இறந்தவை சில. கூட்டத்தின் பெரும்பகுதி ஆழ்கடலுக்குத் திரும்பியது.

ஏன் கூட்டமாக வருகின்றன?

பெயரில் திமிங்கிலம் என்று இருந்தாலும் பைலட் திமிங்கிலம் டொல்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. கறுத்த உடல், உருண்டை நெற்றி. ஆண் ஏழு மீட்டர் வரை வளரும். கணவாய்தான் முக்கிய உணவு. இவை தாய்வழிக் குடும்பமாக வாழ்பவை. கருத்தரிக்கும் வயது கடந்த பிறகும் பெண்கள் பல ஆண்டுகள் உயிர் வாழ்கின்றன. பாலூட்டிகளில் இது மிக அரிது. நம் வீடுகளில் அம்மாயியும் அப்பாயியும் இருப்பதுபோல், அந்தக் கூட்டத்திலும் முதியவர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஒட்டுறவுதான் ஆபத்தும் ஆகிறது. ஒன்று நோயுற்றோ வழி தவறியோ கரைக்கு வந்தால் மற்றவை அதை விட்டுப் போவதில்லை. ஒலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டே இவை வழி அறிகின்றன. மெல்லச் சரியும் மணற்கரையில் எதிரொலி சரியாகத் திரும்பாது. இரையைத் துரத்தி வருவதும் கடலுக்கடியில் எழும் பேரொலியும் வேறு காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

தண்ணீர் தாங்காவிட்டால் உடலின் பாரமே நுரையீரலை அழுத்தும். தடித்த கொழுப்பு உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே விடாது. அதனால்தான் ஒவ்வொரு மணி நேரமும் பெறுமதியானது.

மணப்பாட்டில் நடந்தது

மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு கரையில் 2016 ஜனவரியில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் படகில் கட்டி இழுத்துக் கடலில் விட்டார்கள். பல மீண்டும் கரைக்கே வந்தன. 45க்கு மேல் இறந்தன. அதே கரையோரத்தில் 1973 ஜனவரியிலும் 147 ஒதுங்கியிருந்தன. பாணந்துறைக்குச் சில வாரங்களுக்கு முன், 2020 செப்டெம்பரில், அவுஸ்திரேலியாவின் டஸ்மேனியாவில் ஏறத்தாழ 470 ஒதுங்கி, பெரும்பாலானவை மாண்டன. இவற்றோடு ஒப்பிடும்போதுதான் பாணந்துறையில் அந்த இரவு நடந்த வேலையின் அருமை புரிகிறது.

மலைக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பு

இலங்கையில் அதிக மழை பெறும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. இங்கே பெய்யும் மழை ஓடைகளில் இறங்கி மகாவலியில் சேர்ந்து, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை, கண்டி என்று ஓடுகிறது. அணைகளையும் வயல்களையும் கடந்து 335 கிலோமீட்டர் ஓடும் அந்த ஆறு, திருகோணமலையின் கொட்டியாறு விரிகுடாவில் கடலைச் சேர்கிறது. அங்கே கரைக்கு மிக அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழமாக இறங்குகிறது. அந்தக் கடலுக்குத்தான் உலகின் மிகப் பெரிய விலங்கான நீலத் திமிங்கிலம் வருகிறது. பங்குனி, சித்திரையில் கோணேஸ்வரம் கோயில் பாறையில் நின்றே அது மூச்சு விடும்போது எழும் நீர்த்தூவலைப் பார்த்தவர்கள் உண்டு. மற்றக் கடல்களில் நீலத் திமிங்கிலங்கள் குளிர்கடலுக்கும் வெப்பக்கடலுக்கும் இடையே நீண்ட பயணம் போகும். நம் பக்கத்துக் கூட்டமோ வருடம் முழுவதும் இந்த வெப்பக்கடலிலேயே தங்குகிறது. இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ்.

நாம் செய்யக்கூடியது

கரையில் திமிங்கிலமோ டொல்பினோ ஒதுங்கிக் கிடந்தால் உடனே வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ கடற்படைக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். உதவி வரும்வரை ஈரத்துணி போர்த்தி உடலை நனைத்து வையுங்கள். தலை உச்சியில் உள்ள மூச்சுத்துளைக்குள் தண்ணீரோ மணலோ போகக் கூடாது. வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். மேலே ஏறிப் படம் எடுக்காதீர்கள்.

கடற்கரைக்கே போகாதவருக்கும் ஒரு கடமை உண்டு. மருந்து தெளித்த வெற்றுப் போத்தலையும் பிளாஸ்டிக் பையையும் ஓடையில் வீசாதீர்கள். வட்டவளையில் இருந்து இறங்கும் தண்ணீர் போய்ச் சேரும் இடம் திமிங்கிலத்தின் வீடு.