சலவைப் பொறியின் இறுகிய குழல்

ஒரு சிறு திருகினை முறையறியாது திருகியதனால் ஒரு வீட்டின் நீர் முழுதும் முற்றத்தில் ஓடக்கூடுமோ? கூடும் என்பதை யான் பட்டறிந்தேன். நாமக்கல்லை அடுத்த எம் இல்லத்தில், துணி துவைக்கும் பொறியை இடம் மாற்றும்பொருட்டு அதன் ஓஸ் குழலை வலிந்து திருகினேன். குழல் கழலவில்லை, சுவரினுள் இருந்த பைப் முறிந்தது. மேல்தொட்டி நீர் பாழாயிற்று. அன்னையார் குடமேந்தி அயலார் கிணற்றை நாடினர். அத்தவற்றால் யான் கற்றதை ஈண்டு உரைப்பேன்.

குழல் இறுகுவதன் காரணம் யாது? சேலத்தை அடுத்த குன்றுகளில் வெள்ளைக்கல் என்னும் மாக்னசைட்டும், சங்ககிரிப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல்லும் உள. இத்தகைய நிலத்தில் ஊறும் நீர் சுண்ண, மக்னீசிய உப்புகளைக் கரைத்துக் கொணர்கின்றது. மேட்டூர் அணை 1934-இல் முடிவுற்றது. அக்காவிரி நீர் பெறும் இல்லங்களில் இத்தொல்லை குறைவு. ஆழ்துளைக் கிணற்றையே நம்பிய இல்லங்களிலோ, மரையிற் கசிந்த நீர் உலருந்தோறும் உப்புப் படிந்து கல்லாகின்றது. அன்றியும், பித்தளை வால்வில் அலுமினியத் திருகு பொருந்தியிருப்பின், உப்பு நீரின் சேர்க்கையால் அலுமினியம் அரிக்கப்பட்டு, அவ்வரிப்புப் பொருள் மரையினுள் உப்பி இறுகும்.

இனி, கழற்றும் முறை. முதலில் மின்னிணைப்பை நீக்குக. தொட்டியின் வால்வை அடைத்து, தாழ்ந்த குழாயொன்றைத் திறந்து நீரை வடியவிடுக. காடியில் நனைத்த துணியை மரையின்மேல் அரைமணி நேரம் சுற்றி வைப்பின், சுண்ணப் படிவு நுரைத்துக் கரையும். காடியைப் பிளீச்சிங் பொடியுடன் ஒருபோதும் கலவற்க. நச்சு வாயு எழும். பின்னர் ஒரு ஸ்பானரால் வால்வை அசையாது பற்றி, மற்றொன்றால் குழலின் திருகை இடப்புறமாகத் திருப்புக. இவ்விரண்டாவது பிடியை யான் மறந்தமையே அன்றைய கேட்டிற்கு மூலம்.

வால்வே பழுதுற்றதாயின், அதனையும் இடப்புறமாகக் கழற்றி, சுவர்ப் பைப்பின் மரையைத் துடைத்துத் தூய்மை செய்க. புது வால்வு வெளிமரை உடையதாயின், அதன்மேல் டெப்லான் நாடாவை மரை ஏறும் திசையிலேயே சில சுற்றுகள் சுற்றுக. எதிர்த்திசையிற் சுற்றின் முறுக்கும்போது அது பிரிந்துவிடும். ஓஸ் இணைப்பிற்கோ நாடா வேண்டுவதின்று. உள்ளிருக்கும் ரப்பர் வாஷரே நீரைத் தடுக்கும். ஆகலின் பழைய வாஷரை மாற்றி, கையால் முறுக்கியபின் சிறிதே ஸ்பானரால் இறுக்குதல் போதும். பொறியின் நீர்வாயிலில் உள்ள சிறு வலையையும் கழுவுக. நீர் மந்தமாக வருதற்கு அதன் அடைப்பே பெரும்பாலும் காரணமாம். பின் நீரைத் திறந்து, ஒருமணி நேரம் கசிவு நோக்குக.

திங்களுக்கு ஒருமுறை வால்வை மூடித் திறப்பின் அது இறுகாது. வலிமையினும் பொறுமையே இப்பணிக்கு உற்ற கருவி என்பதை, உடைந்த சுவர் எனக்கு உணர்த்திற்று.