அத்தையின் காதும் என் வாயும்!

பாத்திரப் பட்டறைகள் இருக்கும் தெருவில் எங்கள் வீடு. கும்பகோணம் பாத்திரத்துக்குப் பெயர் போன ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். காலை முதல் மாலை வரை அந்தத் தட்டல் சத்தத்தோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்!

என் மாமியாருக்கு வயது 76. பிறந்த ஊர் திருவாவடுதுறை பக்கம். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தைப் பற்றித் தன் அப்பா சொல்லக் கேட்டே வளர்ந்தவர். மதியச் சாப்பாடு முடிந்ததும், செல்போனில் நாகஸ்வரத்தை வைத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்து விடுவார். பட்டறைச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமே... அதனால், போன் முழுச் சத்தத்தில் அலறும்.

மகன் பிளஸ் டூ. ஒரு நாள் அவன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முணுமுணுக்க, எனக்குக் கோபம் வந்துவிட்டது. ''ஏன் அத்தை, புள்ள படிக்கிறான்ல... தெருவுக்கே கச்சேரி வைக்கணுமா?'' என்று கேட்டு விட்டேன்.

அவர் ஒன்றுமே சொல்லவில்லை. போனை அணைத்து அலமாரியில் வைத்தார். அடுத்த நாலு நாளும் ஊஞ்சல் சும்மாவே ஆடியது. வீட்டில் அமைதி, என் மனதில்தான் இல்லை.

பரிகாரமாக, காதுக்குள் செருகும் சின்ன இயர்போன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ''காது குடையுதும்மா'' என்று வைத்து விட்டார். அடுத்து, காது மேல் உட்காரும் சிறிய ஹெட்போன். அது காது மடலை அழுத்தி, தோட்டுத் திருகாணி பின்னால் குத்த, அரை மணி நேரத்தில் காது சிவந்து போனது. ''அப்புறம் கேட்டுக்கறேன்'' என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று மருமகள்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

மகன்தான் கேட்டான்... ''ஏம்மா, தோடு வாங்கணும்னா அப்பாயியை கூட்டிக்கிட்டுப் போவே. இதுவும் காதுல போடுறதுதானே? அவங்கள விட்டுட்டு நீயா வாங்கினா எப்படி?''

சுருக்கென்றது. ஆனால், கடைக்குப் போகுமுன் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். காதில் அழுக்கு அடைத்திருந்தது. எடுத்த பிறகே பாதிக் குறை தீர்ந்தது. மீதி வயதால் வந்தது. டாக்டர் சொன்னது ஒன்றுதான்: ''பாட்டுச் சத்தத்தைக் கூட்டாதீங்க... வெளிச் சத்தத்தைக் குறைக்கப் பாருங்க.''

அதன் பிறகே மூன்று பேருமாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்களை விட்டுவிட்டு மகனிடமே பேசினார். அவனோ, ''போடப் போறது அப்பாயிதாங்க'' என்று சொல்லி விட்டான். அங்கே கேட்டும் போட்டுப் பார்த்தும் தெரிந்துகொண்டவை இவை:

* ஹெட்போனில் பின்பக்கம் திறந்தது, மூடியது என இரு வகை. திறந்ததில் சல்லடை போல் ஓட்டை இருக்கும். வெளிச் சத்தம் உள்ளே வரும். பாட்டும் வெளியே போகும். பின்பக்கம் மூடியதில் இரண்டும் குறையும். எங்கள் தெருவுக்கு மூடியதுதான் சரி.

* கிண்ணம் காது மடலை முழுதாக உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும். காது மேல் உட்கார்ந்தால் நிச்சயம் வலிக்கும்.

* தோடு, மூக்குக் கண்ணாடி, கொண்டை எல்லாவற்றோடும் பத்து நிமிஷமாவது போட்டுப் பாருங்கள். நெற்றிப் பொட்டில் இறுக்கினால் தலைவலி வரும். ரொம்பத் தளர்ந்தால் சத்தம் கசிந்து, தவில் ஒலி மெலிந்து போகும்.

* எடை முக்கியம். 250 கிராமுக்குள் இருந்தால் வயதானவர்களின் கழுத்துக்கு நல்லது.

* தோல் போன்ற உறை சத்தத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்க்கும், நாளடைவில் உரியும். துணி உறையில் வியர்வை குறைவு. சத்தம் கொஞ்சம் உள்ளே வரும். எதுவானாலும் உறையைத் தனியே மாற்ற முடியுமா என்று கேட்டு வாங்குங்கள்.

* ஒயர் வைத்ததற்கு சார்ஜ் போடும் தொல்லை இல்லை. ஆனால், இப்போது பல போன்களில் ஹெட்போன் துளையே இல்லை. போனைக் கையோடு எடுத்துப் போங்கள்.

ஐந்தாவதாகப் போட்டதில்தான் அத்தையின் முகம் மலர்ந்தது. விலை, 1,800 ரூபாய்.

இப்போது பட்டறைச் சத்தம் அடியோடு நிற்கவில்லை. தூரத்துச் சத்தம் போல ஆகிவிட்டது. அதனால், போனில் சத்த அளவு பாதிக்கும் கீழே இறங்கி விட்டது. எனக்குப் பெரிய நிம்மதி அதுதான். உலக சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்ட அளவுப்படி, பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். அதுவே 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான்! சிறுவர்களுக்கு இன்னும் குறைவு. நல்ல ஹெட்போனாயிற்றே என்று சத்தத்தைக் கூட்டினால், வாங்கியதற்கே அர்த்தம் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. காதை மூடிக்கொண்டால் குக்கர் விசில், வாசல் மணி, கூப்பிடும் குரல் எதுவும் சரியாகக் கேட்காது. ஆகவே, உட்கார்ந்து கேட்கும்போது மட்டும்தான். மாடிப்படியிலும் தெருவிலும் கூடவே கூடாது. நானும் சில நாள் ஆசைக்குப் போட்டுக் கேட்பேன். அடுப்பில் ஏதாவது இருந்தால் ஒரு காதைத் திறந்தே வைத்திருப்பேன்.

'இந்த மின்சாதனம் எல்லாம் நமக்கென்ன தெரியும்' என்று ஒதுங்காதீர்கள் தோழிகளே. 1910ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துதான் ஹெட்போன் செய்து, கடற்படைக்கு அனுப்பினாராம். அடுப்பங்கரையில் உருவான சாமானை நாம் பார்த்து வாங்கத் தெரியாதா என்ன?

வாங்கி வந்த அன்று மதியம் அத்தை ஊஞ்சலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். திடீரென்று கண் கலங்க, ''பின்னாடி சுருதி ஓடறதுகூட கேக்குதும்மா... எத்தனை வருஷமாச்சு!'' என்றார். கழற்றி, என் தலையில் மாட்டி விட்டு, ''நீயும் கேளு'' என்றார்.

அவர் சத்தமாக வைத்தது வீம்புக்காக அல்ல; கேட்காததால்தான். அதை முதல் நாளே கேட்டிருந்தால், அந்த நாலு நாள் மௌனம் வந்திருக்காது. உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் டிவியையோ பாட்டையோ அலற விட்டால், அதட்டுமுன் ஒரு முறை அவர்கள் காதைப் பற்றி யோசியுங்களேன்!

— ஒரு வாசகி, கும்பகோணம்.