கையெழுத்துப் போட்டாலும் பணம் திரும்பும்!
முதியவர்களை மடக்கி விற்கும் கம்பெனிகள்: நாட்களை எண்ணத் தெரிந்தால் தப்பலாம்

ராயபுரம்,

காலை 11 மணி. மகன் வேலைக்குப் போயாச்சு. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வீட்டில் பெரியவரும் அவர் மனைவியும் மட்டும். அந்த நேரம் பார்த்துத்தான் கதவு தட்டப்படுகிறது.

டிப்-டாப் உடை. கழுத்தில் அடையாள அட்டை. கையில் ஒரு பெட்டி. "அம்மா, தண்ணி டெஸ்ட் பண்ண வந்திருக்கோம். காசு எதுவும் வேணாம்மா" என்கிறார் வாலிபர். 'அம்மா' என்றதும் கதவு திறந்துவிடுகிறது.

ஒரு டம்ளரில் வீட்டுத் தண்ணீர். இன்னொரு டம்ளரில் அவர் கொண்டு வந்த தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு ஸ்விட்சைத் தட்டுகிறார். வீட்டுத் தண்ணீர் மஞ்சளாகிறது, பழுப்பாகிறது, ஒரே நிமிடத்தில் சாக்கடை போல ஆகிவிடுகிறது. அவர் கொண்டு வந்தது மட்டும் அப்படியே பளபளக்கிறது. "இதைத்தாம்மா தினம் குடிக்கிறீங்க. பேரனுக்கும் இதைத்தானே குடுக்கிறீங்க?"

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிடுகிறது. அடுத்த அரை மணியில் மெஷின் சுவரில் ஏறுகிறது.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று எந்தத் தெருவிலும் நடக்கக்கூடிய காட்சி இது. டம்ளரில் நடந்தது என்ன? தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கம்பி அரித்துத் துரு கொட்டும். அந்த அழுக்கு கம்பியில் இருந்து வந்தது. தண்ணீரில் இருந்தது அல்ல. உப்பு எடுத்த தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. அதனால் அது தெளிவாகவே நிற்கும். இவ்வளவுதான் வித்தை. வட சென்னையில் நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறிப் பல காலம் ஆச்சு. போர் தண்ணீர் என்றால் வித்தை இன்னும் ஜோராகப் பலிக்கும்!

"நீங்க சம்பாதிச்சது தானே?"

பெரியவர் கொஞ்சம் தயங்குவார். "பையன் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்பா" என்பார். இதற்கும் பதில் தயாராக இருக்கிறது. "நைனா, இது நீங்க ஒழைச்சு சம்பாதிச்ச துட்டு. பையன் கிட்ட எதுக்குக் கேக்கணும்?"

துறைமுகத்திலோ, எண்ணூர் அனல் மின் நிலையத்திலோ, லாரி கம்பெனியிலோ 30 வருஷம் ஷிப்டு பார்த்த மனுஷனுக்கு இந்த வார்த்தை நேராக நெஞ்சில் போய்த் தைக்கும். கையெழுத்து விழுந்துவிடும்.

சாயங்காலம் மகன் வந்து சத்தம் போடுகிறான். "யாரைக் கேட்டு வாங்கினே?" பெரியவர் வாய் திறப்பதில்லை. மறுமுறை இப்படி ஏமாந்தால் வீட்டில் சொல்வதே இல்லை. கம்பெனிக்கு வேண்டியதும் அதுதான். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளும் ஒவ்வொரு நாளும் பணத்தைத் திரும்பக் கேட்கும் நாட்களில் ஒன்று குறைகிறது. கையெழுத்துப் போட்டாச்சு, போனது போனதுதான் என்ற நினைப்பு தப்பு. பல இனங்களில் பணம் திரும்பும். ஆனால் நாள் கணக்கு இருக்கிறது.

"இன்னிக்கு மட்டும் தான்!"

இந்த அவசரம் டெலிவிஷனிலும் உண்டு. முட்டி வலிக்குக் காந்தப் பட்டை, நடந்தாலே வியாதி போகும் செருப்பு என்று விற்பார்கள். "இப்பவே போன் பண்ணுங்க, சரக்கு தீரப்போகுது" என்று கத்துவார்கள். 2022-ம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 'நாப்டால்' என்ற டி.வி. விற்பனைக் கம்பெனி மீது நடவடிக்கை எடுத்தது. காந்த முட்டிப் பட்டை, அக்குபிரஷர் யோகா செருப்பு, தங்க நகை செட் ஆகியவற்றின் விளம்பரங்கள் தவறான வழி காட்டுகின்றன என்று சொல்லி ரூ.10 லட்சம் அபராதம் போட்டது. சரக்கு தீரப்போகிறது என்று இல்லாத தட்டுப்பாட்டைக் காட்டி அவசரப்படுத்தக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கள், ஆன்லைன் வியாபாரத்தில் இப்படிப் பொய் அவசரம் காட்டுவதையும் தடுக்கப்பட்ட தந்திரங்கள் பட்டியலில் சேர்த்துவிட்டன.

பாங்கியில் நடக்கும் உபசாரம்

வாசலில் வரும் ஆசாமியையாவது சந்தேகப்படலாம். பாங்கியில் நாற்காலி போட்டு, காபி வாங்கிக் கொடுத்துப் பேசுகிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? பெரிய தொகை போவது இங்கேதான்.

ரிட்டயர் ஆன பணத்தை டெபாசிட்டில் போட்டவர், தவணை முடிந்து புதுப்பிக்க வருகிறார். "ஐயா, டெபாசிட்டில் என்ன வட்டி வருது? இதில் போடுங்க. ஒரே தடவை கட்டினால் போதும். உயிருக்கும் பாதுகாப்பு" என்கிறார்கள். நாலு இடத்தில் பேனாவால் 'டிக்' போட்டு, அங்கெல்லாம் கையெழுத்து வாங்குகிறார்கள். பெரியவர் இன்னொரு டெபாசிட் என்று நினைத்து வீட்டுக்குப் போகிறார்.

ஒரு வருஷம் கழித்து செல்போனில் தகவல் வருகிறது: இரண்டாவது பிரிமியம் கட்டுங்கள். அப்போதுதான் தெரிகிறது, அது டெபாசிட் அல்ல, 10 வருஷம் கட்ட வேண்டிய இன்சூரன்ஸ். 70 வயதுக்காரர் 80 வயது வரைக்கும் வருஷா வருஷம் கட்ட வேண்டும். பென்ஷனில் அது முடியுமா?

இதற்குச் சட்டத்தில் ஒரு கதவு இருக்கிறது. ஆயுள் இன்சூரன்ஸ் பாலிசி கைக்கு வந்த நாளில் இருந்து 30 நாள் பார்த்து முடிவு செய்யும் காலம். முன்பு பொதுவாக 15 நாளாக இருந்ததை இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் 30 நாளாக உயர்த்தியது. அதற்குள் "எனக்கு இந்த பாலிசி வேண்டாம்" என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தால் பணத்தைத் தந்தாக வேண்டும். முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை செய்திருந்தால் அதன் செலவு, பாதுகாப்பு கொடுத்த நாட்களுக்கான சிறு தொகை ஆகியவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். மீதியை 7 நாளில் திருப்ப வேண்டும் என்பது விதி.

கில்லாடிகளுக்கும் இந்த 30 நாள் தெரியும். அதனால் நைசாக நாளைக் கடத்துவார்கள். "மானேஜர் லீவு, அடுத்த வாரம் வாங்க ஐயா" என்பார்கள். விண்ணப்பத்தில் பெரியவரின் போன் நம்பர், இ-மெயில் இருக்க வேண்டிய இடத்தில் ஏஜெண்டு தன்னுடையதைப் போட்டு வைப்பதும் உண்டு. பாலிசி அங்கே போய்ச் சேரும். பெரியவர் கண்ணில் படாது. கம்பெனியில் இருந்து சரிபார்க்க போன் வந்தால், "எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லுங்க ஐயா, இல்லாட்டி பாலிசி ரத்தாயிடும்" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். அந்த "ஆமா" டேப்பில் பதிவாகிவிடும்.

ஆகவே பாலிசி தபாலில் வந்தால் கவரைக் கிழித்துப் போடக் கூடாது. அதில்தான் தேதி இருக்கிறது. வேண்டாம் என்ற கடிதத்தை பாங்கியில் கொடுத்துவிட்டு வருவது போதாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நேராக அனுப்ப வேண்டும். கிளை அலுவலகத்தில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்க வேண்டும்.

30 நாள் தாண்டிவிட்டதா? அப்போதும் வழி அடைந்துவிடவில்லை. பொய் சொல்லி விற்றார்கள் என்று கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். கம்பெனி மறுத்தாலோ, 30 நாள் ஆகியும் பதில் இல்லாவிட்டாலோ, ஒரு வருஷத்துக்குள் இன்சூரன்ஸ் ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை. வக்கீல் தேவை இல்லை. ரூ.50 லட்சம் வரை விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு.

அங்கே எது எடுபடும்? விற்றவர் நோட்டீசின் ஓரத்தில் பேனாவால் 'ஒரே தடவை' என்று கிறுக்கிக் கொடுத்திருந்தால் அது தங்கம். விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். பென்ஷன்காரரை வியாபாரி என்றும், வருமானம் பல லட்சம் என்றும் அதில் எழுதி வைத்திருந்தால் அந்தக் காகிதமே கம்பெனிக்கு எதிராகப் பேசும்.

பரிசு வாங்கப் போனால்...

இன்னொரு ரகம், பரிசு விழுந்திருப்பதாக வரும் போன். "கணவன் மனைவி இரண்டு பேரும் ஓட்டலுக்கு வந்து வாங்கிக்கொள்ளணும்" என்பார்கள். போனால் பாட்டுச் சத்தம், ஜூஸ், இரண்டு மூன்று மணி நேரப் பேச்சு. ஊர் ஊராகத் தங்கும் கிளப்பில் ஆயுள் உறுப்பினர் திட்டம். "வெளியே போனால் இந்த விலை இல்லை." கார்டு தேய்க்கப்படுகிறது. சின்ன எழுத்தில் 'பணம் திருப்பித் தரப்பட மாட்டாது' என்று அச்சாகி இருக்கும். அப்படி அச்சடித்துவிட்டால் அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இப்படிப்பட்ட வழக்குகளில் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நாட்டின் பல ஊர்களில் நுகர்வோர் கோர்ட்டுகள் உத்தரவு போட்டிருக்கின்றன.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

தண்ணீர் மெஷின் வாங்கிய வீட்டுக்குத் திரும்புவோம். அமெரிக்காவில் வீடு தேடி வந்து விற்றால் மூன்று வேலை நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். இந்த விதி 1974 முதல் இருக்கிறது. பிரிட்டனில் 14 நாள். நம் ஊரில் வாசலில் வாங்கும் பொருளுக்கு அப்படி ஒரு பொது எண் இல்லை. ஆள் சேர்த்து வலைப்பின்னலாக விற்கும் கம்பெனிகளுக்கு 2021-ல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. அதிலும் 'மனம் மாறும் காலம்' என்ற சலுகை சரக்கை விற்கும் ஏஜெண்டுக்குத்தான். வாங்கும் ஆயாவுக்கு இல்லை. ஏனோ!

ஆனாலும் அந்த விதியில் பிடி இருக்கிறது. அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டி அனுமதி கேட்காமலும் ஏஜெண்டு வீட்டுக்கு வரக் கூடாது. விலை, கடன் நிபந்தனை, திருப்பித் தரும் முறை எல்லாம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். புகார் வந்தால் 48 வேலை மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகக் கம்பெனி பதில் தர வேண்டும்.

எனவே "மனசு மாறிட்டேன்" என்று எழுதினால் கம்பெனி சிரிக்கும். "இன்ன தேதியில் உங்கள் ஆள் அழைக்காமலே வந்தார். டம்ளரில் கம்பி விட்டு என் வீட்டுத் தண்ணீர் அழுக்கு என்று பொய்யாகக் காட்டி விற்றார். மெஷினை எடுத்துக்கொண்டு, கட்டிய தொகையை 15 நாளில் திருப்புங்கள்" என்று எழுத வேண்டும். என்ன பொய் சொன்னார்கள் என்பதுதான் விஷயம். பில்லே கொடுக்கவில்லை என்றால் அதையும் எழுத வேண்டும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராததே முறையற்ற வணிகம். பழுதான பொருளை பில்லில் சொன்ன நாளுக்குள், அது இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே குற்றச்சாட்டில் வரும்.

பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டால் போதும். தவணையில் வாங்கியிருந்தால் கடன் கொடுத்த பைனான்ஸ் கம்பெனிக்கும் ஒரு நகல் போக வேண்டும். செல்போன் வழியாகக் கொடுக்கும் கடனுக்குக் குறைந்தது ஒரு நாளாவது திரும்பும் அவகாசம் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அந்த அவகாசத்துக்குள் அசலும் அந்த நாட்களுக்கான கட்டணமும் கட்டி, அபராதம் இல்லாமல் வெளியே வரலாம். அதனால் அன்று சாயங்காலமே மகனிடம் சொல்லிவிடுவது நல்லது. திட்டினால் திட்டட்டும்.

கோர்ட்டுக்குப் போக...

கடிதத்துக்கு அசையாவிட்டால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்குகிறது. கம்பெனியைக் கூப்பிட்டுப் பேசி முடிக்கப் பார்ப்பார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது.

அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சென்னை வடக்குக்குத் தனி ஆணையம் இருக்கிறது. கம்பெனி டெல்லியிலோ மும்பையிலோ இருக்கட்டும். வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 'இ-ஜாக்ரிதி' என்ற அரசு இணையதளத்தில் வீட்டில் இருந்தே மனு கொடுக்கலாம். பேரன் பேத்திகளுக்கு அதில் வேலை கொடுக்கலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். ஆனால் உத்தரவு வந்தபிறகும் கம்பெனி பணம் தராவிட்டால் குறைந்தது ஒரு மாதம், கூடினால் மூன்று வருஷம் வரை ஜெயில், அல்லது ரூ.25 ஆயிரத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் என்று இருப்பதால் பலர் வழிக்கு வருகிறார்கள்.

கொடுத்த முகவரியில் கம்பெனியே இல்லை, போனும் எடுக்கவில்லை என்றால் கடிதம் எழுதி நாளைக் கடத்தக் கூடாது. அது போலீஸ் கேஸ். செல்போன், கார்டு வழியாகப் பணம் போயிருந்தால் உடனே 1930.

மெஷின் வந்த அட்டைப் பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட வேண்டாம். பில், வாரண்டி அட்டை, கம்பெனியின் முகவரி எல்லாம் பல வீடுகளில் அதற்குள்தான் கிடக்கின்றன.