அம்மா சொன்னபடி திரும்பி வருவா

நீங்கள் கிராம அலுவலரிடம் போகப் படலையைத் திறந்ததுமே பிள்ளை உங்கள் உடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுகிறதா? முன்பள்ளி வாசலில் கையை விட மறுக்கிறதா? நீங்கள் பக்கத்தில் படுக்காவிட்டால் நித்திரை கொள்வதில்லையா? இதைக் குழப்படி என்று நினைத்து அடிக்காதீர்கள். இது பயம்.

எட்டு மாதம் தொடக்கம் மூன்று வயது வரை தாயைப் பிரிய அழுவது பிள்ளைகளின் இயல்பு. ஆனால் போர் முடிந்த காலத்தில் ஸ்கந்தபுரத்துப் பிள்ளைகள் பலருக்கு வேறு காரணமும் இருந்தது. 2008 இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டதிலிருந்து 2009 மே வரை இடம்மாறி ஓடிய காலத்தில், பிரிந்துபோன சிலர் திரும்பி வரவேயில்லை. பின்னர் மெனிக் பாம் முகாமில் ஒரே கூடாரத்துக்குள் இரவு பகலாகப் பெற்றோரோடு இருந்தார்கள். அதன் பிறகு பெற்றோர் காணி துப்புரவாக்கவும் கூலி வேலைக்கும் போகவேண்டியிருந்தது. போனவர் திரும்பி வருவார் என்பதைப் பிள்ளை மீண்டும் பழகவேண்டும். அதற்கு நீங்கள் செய்யக்கூடியவை:

• பிள்ளை நித்திரையாக இருக்கும்போது ஒளித்துப் போகாதீர்கள். எழும்பித் தேடும் பிள்ளை, கண்ணிவெடி அகற்றப்படாத காணிக்குள்ளும் போய்விடலாம்.

• எங்கே போகிறீர்கள், யார் பார்த்துக்கொள்வார், எப்போது வருவீர்கள் என்று சொல்லுங்கள். "நாலு மணிக்கு" என்பது சின்னப் பிள்ளைக்கு விளங்காது. "மாடு பட்டிக்கு வரமுதல் வந்திடுவன்" என்பது விளங்கும்.

• முதலில் கிணற்றடிக்குப் போய்வரும் நேரம் மட்டும் அம்மம்மாவிடம் விடுங்கள். பிறகு கொஞ்சங்கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள்.

• உங்கள் துவாய் ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். அதன் மணம் ஆறுதல் தரும்.

• விடைபெறுவதைச் சுருக்கமாக, ஒவ்வொரு நாளும் ஒரேமாதிரிச் செய்யுங்கள். உங்கள் முகத்தில் கலக்கம் தெரிந்தால் பிள்ளையும் கலங்கும்.

• "விட்டிட்டுப் போயிடுவன்", "பிடிச்சுக் குடுத்திடுவன்" என்று வெருட்டாதீர்கள். பிரிவைக் கண்ட பிள்ளைகளுக்கு அது வெறும் வெருட்டு அல்ல.

தகப்பனைப் பற்றி இன்னும் தகவல் கிடைக்காத வீடுகளில், "அப்பா நாளைக்கு வருவார்" என்று சொல்லவேண்டாம். நாளைக்கு அவர் வராவிட்டால், நீங்கள் சொல்வதையும் பிள்ளை நம்பாது. "அப்பா எங்கே என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. தேடிக்கொண்டிருக்கிறம். நான் உன்னோட இருக்கிறன்" என்று உண்மையைச் சொல்லுங்கள்.

நாலு கிழமைக்கு மேலாகியும் பிள்ளை பள்ளிக்கூடம் போக மறுத்தால், சாப்பாடு நித்திரை குறைந்தால், அல்லது நின்றுபோன படுக்கையில் சலம் போகும் பழக்கம் திரும்பி வந்தால், குடும்பநல உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ கதையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்குக் கட்டணமின்றி அழைக்கலாம். உதவி கேட்பதால் பிள்ளைக்கு "பைத்தியம்" என்று ஆகிவிடாது.

சொன்ன நேரத்துக்கு வரப் பிந்தினால், "பிந்திப்போச்சு, பயந்திட்டியா?" என்று கேட்டு அணைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கும் சொல்லிவிட்டே போங்கள்.